சும்மா இருப்பவர்களுக்கு எண் இரண்டு

உங்கள் மேனேஜர் போன வாரம் எனக்கு போன் செய்தார். "புது பேட்ச் வந்திருக்காங்க மேடம். ஒரு மணி நேரம் வந்து பேசிட்டுப் போங்க" என்றார். எனக்கு முட்டி வலி. உங்கள் ஆபீஸோ இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் பேச வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ரிட்டயர் ஆனவள் யாரை அதட்ட முடியும்?

சிஸ்டத்தில் எந்த பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத நினைப்பது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. பத்தொன்பது வருடம் அந்த ஆபீஸில் சூப்பர்வைசராக அடுத்தவர்களின் தப்பைப் பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். என் தப்பைப் பிடித்தவள் ஒரே ஒருத்தி. அவளை நான் வேலையை விட்டு அனுப்ப இருந்தேன்.

நாம் கோடிங் வேலை செய்கிறோம் என்று வெளியில் சொன்னால் ஆரணியில் எல்லோரும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் திருத்துவதில்லை, கல்யாண மார்க்கெட்டுக்கு நல்லது. நாம் செய்வது வேறு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறார். வீட்டுக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். கேட்டவர் அதை அப்படியே ஃபார்மில் எழுதுகிறார். அந்த ஃபார்ம் ஆரணிக்கு வருகிறது. அந்த மனிதர் சொன்னதை நாம் ஒரு எண்ணாக மாற்றுகிறோம். அவ்வளவுதான் வேலை. ஒரு ஆளின் வாழ்க்கை ஒன்றா, இரண்டா, மூன்றா என்று முடிவு செய்வது சின்ன வேலை என்று நினைத்தால் இப்போதே வேறு ஆபீஸ் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். உள்ளூர்க்காரர்களில் சிலர் முணுமுணுத்தார்களாம், வந்தவர்களுக்கே எல்லாம் கிடைக்கிறது, நம்மைக் கேட்க ஆளில்லை என்று. எந்த ஊரில்தான் இந்தப் பேச்சு இல்லை? அங்கிருந்த ஒரு தொண்டு நிறுவனம், யார் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியது. ஒரு கட்டு ஆப்கான் குடும்பங்களின் ஃபார்ம். இன்னொரு கட்டு, "உங்கள் பூர்வீகம் எது?" என்ற கேள்விக்கு வேறு எதையும் சொல்லாமல் "அமெரிக்கன்" என்று மட்டும் சொன்னவர்களின் ஃபார்ம்.

இந்த இரண்டாவது கட்டுதான் முதலில் என்னைக் குழப்பியது. அமெரிக்காவில் இருப்பவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பூர்வீகம் கேட்டால் ஜெர்மனி, அயர்லாந்து என்று சொல்ல வேண்டாமா? நான் அதையெல்லாம் "பதில் சொல்லவில்லை" என்று போட்டேன். க்ளையன்ட் திருப்பி அனுப்பினார்கள். அது பதில்தான், அப்படியே போடுங்கள் என்று.

களம்பூரிலிருந்து வரும் கோபி என்று ஒரு பையன் எங்கள் டீமில் இருந்தான். வாய் ஓயாது. "அமெரிக்காக்காரன் அமெரிக்கான்னுதான் சொல்லுவான், இதுல இன்னா மேடம் டவுட்டு?" என்றான்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பூர்வீகம் எது என்று எழுதச் சொன்னேன். வந்த சீட்டுகளில் பாதி "ஆரணி". அதில் என்னுடையதும் ஒன்று. எங்கள் தாத்தாக்கள் வீட்டில் தெலுங்கு பேசியவர்களாம். எனக்குத் தெலுங்கில் பத்து வரை எண்ணக்கூட வராது. எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம், யாருக்கும் தெரியாது. கேட்டால் "நாங்க இந்த ஊருதான்" என்று கொஞ்சம் கோபமாகவே சொல்வோம். அந்த அமெரிக்கர்கள் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வந்த கதையை மறந்துபோகும் அளவுக்கு அங்கேயே தங்கிவிட்டவர்கள். அட, நம்ம ஆளுங்க!

ஒரே ஒரு சீட்டு மட்டும் காலியாக இருந்தது. சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் சகாயமேரியுடையது. சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் கூலி வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. டிகிரி முடித்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

"ஏம்மா, உனக்குப் பூர்வீகம் இல்லியா?" என்றேன்.

"இருக்குது மேடம். யாரு கேக்கறாங்கன்னு பாத்துட்டுதான் எழுதுவேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

ஃபார்ம்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. அமெரிக்கா என்றால் நாம் மனதில் என்ன வைத்திருக்கிறோம்? பெரிய வீடு, வாசலில் இரண்டு கார். இந்த ஃபார்ம்களில் சக்கரம் வைத்த தகர வீடுகள் இருந்தன. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் அண்ணன், எதிர்வீட்டில் சித்தப்பா, கூப்பிட்டால் ஓடிவர ஆள் உண்டு. வீடும் சொந்தம்தான். ஆனால் கூரை ஒழுகும், முதுகு வலி, வேலை போய் வருடங்கள் ஆயிற்று. ஆப்கான் பக்கம் பார்த்தால் அங்கே எஞ்சினியராக இருந்தவர் இங்கே கோழி அறுக்கும் ஃபேக்டரியில் நிற்கிறார். டாக்டருக்குப் படித்தவர் கடையில் பெட்டி அடுக்குகிறார். இரண்டு அறையில் எட்டுப் பேர்.

"எங்க ரைஸ் மில்லுல பீகார்காரங்க இப்டித்தான் மேடம், ஒரே ரூம்ல எட்டு பேரு. வேலைக்குப் போறவன் எழுந்தா வேலைலருந்து வந்தவன் அதே பாயில படுப்பான்" என்றான் கோபி.

வேலை பற்றிய கேள்விதான் ஃபார்மில் முக்கியமானது. போன வாரம் வேலை செய்தீர்களா? செய்தால் எண் ஒன்று. இல்லையென்றால் எண் இரண்டு. க்ளையன்ட் கொடுத்த விளக்கப் புத்தகம் தலையணை மாதிரி இருந்தது. டிரெய்னிகள் அதைப் படித்து முடிப்பதற்குள் ப்ராஜெக்டே முடிந்துவிடும். நான்தான் அதைச் சுருக்கித் தமிழில் ஒரு பக்க ரூல் ஷீட் தயார் செய்தேன். எனக்கு அதில் பெருமை வேறு. ஆளுக்கொரு ஜெராக்ஸ். அதில் ஆறாவது வரி: "வீட்டில் இருந்தபடி குடும்பத்தாருக்கு உதவி செய்தால் அது வேலை ஆகாது. எண் இரண்டு போடவும்."

இந்த வரியை எழுத நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வாரம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரே ஐம்பது ஃபார்ம் கொடுத்து, அவர்கள் போட்ட எண்ணும் நான் போட்ட எண்ணும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று ஸ்கோர் போட்டு, லிஸ்டைச் சுவரில் ஒட்டுவோம். தொண்ணூறுக்குக் கீழே என்றால் பெயர் சிவப்பு மையில். உங்களுக்கும் இப்போது அதே முறைதான் என்று கேள்விப்பட்டேன். தொண்ணூறுக்குக் கீழே இரண்டு முறை போனால் டிரெய்னிக்கு வேலை உறுதியாகாது. இந்த ப்ராஜெக்டில் சகாயம் முதல் வாரமே எண்பத்திரண்டு.

கூப்பிட்டேன். "ரூல் ஷீட் படிச்சியாம்மா?"

"படிச்சேன் மேடம்."

"ஆறாவது வரி?"

"அதையும் படிச்சேன்."

"அப்புறம் ஏன் எல்லா இடத்துலயும் ஒண்ணு போட்டு வச்சிருக்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னொரு ஜெராக்ஸ் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் எண்பது. எனக்கு ஆத்திரம் வந்தது. புரியாதவளாக இருந்தால் சொல்லிக் கொடுக்கலாம். புரிந்துகொண்டே செய்கிறவளை என்ன செய்வது? மேனேஜர், "ரூல்னா ரூல்தான் மேடம். திங்கக்கிழமை லெட்டர் குடுத்துடலாம்" என்றார். வியாழக்கிழமை லெட்டர் டைப் ஆகி என் மேஜை டிராயருக்கு வந்துவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி.

சனிக்கிழமை அவளே என் மேஜைக்கு வந்தாள். கையில் இரண்டு ஃபார்ம். விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"மேடம், லெட்டர் குடுங்க, வேணான்னு சொல்லல. இந்த ரெண்டு ஃபார்ம மட்டும் பாத்துட்டுக் குடுங்க."

இரண்டும் ஒரே ஆப்கான் வீட்டு ஃபார்ம். கணவன் ஃபார்மில் இருந்தது இது: கோழி ஃபேக்டரி வேலை, விடிவதற்கு முன்னால் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறேன். அது போக, ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறோம், வாரம் ஒரு மூட்டை. மனைவி ஃபார்மில் இருந்தது: வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன், கணவருக்குக் கொஞ்சம் உதவி.

"அந்த ஆளு இருட்டுல போயி இருட்டுல வரான். அப்ப ஒரு மூட்ட உறையும் தச்சது யாரு மேடம்? பேயா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "தச்சா என்ன? கடைக்காரன் காசு யார் பேர்ல குடுக்கறான்? அவ பேர்லயா? அவளே வேலை இல்லன்னு சொல்றா. அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஊர்ல நடவுக்குப் போனா ஆளுக்குக் கூலி மேடம். எங்கம்மா போனா எங்கம்மா கையில. லீவுல நான் போனா என் கையில, அரை ஆள் கூலி. யாரு சேத்துல நின்னாங்களோ அவங்கள எண்ணித்தான் குடுப்பாங்க. உங்க பக்கம் அப்டி இல்ல. புடவைக்குக் கூலி. புடவை ஒண்ணு, பேரு ஒண்ணு, அது ஊட்டுக்காரர் பேரு. அதான் உங்களுக்குப் புடவை தெரியுது, ஆளு தெரியல."

சொல்லிவிட்டு அவளுக்கே பயம் வந்துவிட்டது. எனக்கோ காது மடல் வரை கொதித்தது. நான் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பட்டுத் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "போம்மா. போய் உன் சீட்ல உக்காரு" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண் என்னை, என் வீட்டை, என் ஊரை ஒரே மூச்சில் பேசிவிட்டாளே என்று மனம் ஆறவில்லை. அன்றைக்கே லெட்டரில் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். இதை மறைத்து எழுதினால் மீதி எழுதுவதில் அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பா காலமாகிப் பல வருடம். தறியைத் தம்பி ஓட்டுகிறான், அம்மா முன் அறையில் டிவி ஓட்டுகிறாள். ஏதோ சமையல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிறவளை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, திட்டிக்கொண்டே பார்த்தாள்.

"அம்மா, நீ எத்தினி வருஷம் வேலை செஞ்ச?"

"நானா? நான் எங்கடி வேலைக்குப் போனேன்? உங்கப்பா நெய்ஞ்சாரு. நான் ஊட்ல சும்மாதான இருந்தேன்."

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. பார்த்தாயா, அவளே சொல்கிறாள் என்று. ஆனால் கேள்வி கேட்பதே தொழிலாக இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"தார் சுத்தினியேம்மா?" என்றேன். தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். அது இல்லாமல் ஒரு இழைகூட குறுக்கே ஓடாது.

"சுத்தாம? சுத்தலன்னா தறி எப்டி ஓடும்?"

"பாவு புணைக்கறது?"

"பழைய பாவு முடிஞ்சா புதுசோட ஒவ்வொரு இழையா சேக்கணும், ஆயிரக்கணக்குல. உங்கப்பாவுக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு. நான்தான் புணைப்பேன். ஏண்டி, ஆபீஸ் கேள்வியெல்லாம் இங்க வந்து கேட்டுகினு கீற? பேஜார் பண்ணாத, ஆட்டம் முடியப் போவுது."

"ஒரு நாளாவது சுத்தாம இருந்திருக்கியா?"

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். யோசித்தாள்.

"நீ பொறந்தப்ப. மூணு நாள் சுத்தல. தறி நின்னு போச்சு. உங்கப்பா உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகினு இருந்தாரு, முதலாளி கேப்பாருன்னு. பாக்க சகிக்கல. நாலாம் நாள் உக்காந்துட்டேன். நீ பக்கத்துல கத்திகினு கெடந்த."

அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அந்த வருடம்தான் அம்மாவுக்கு இன்சூரன்ஸ் கார்டு வாங்க நானே ஃபார்ம் எழுதிக் கொடுத்திருந்தேன். தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். ஐம்பது வருடம் சுற்றிய கைக்கு, அதன் கூலியில் படித்த நான், இல்லை என்று எழுதிவிட்டேன். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தம்பி மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். கண்ணில் தூசி என்றேன். அவள் விரலிலும் தார் சுற்றிய நூல் தடம் இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஆபீஸைத் திறந்தேன். க்ளையன்டின் தலையணைப் புத்தகத்தை எடுத்து வேலை பற்றிய பகுதியை முழுதாகப் படித்தேன். குடும்பம் பிழைப்பதற்கான எந்தத் தொழிலிலும் கை கொடுத்திருந்தால், தனியாகச் சம்பளம் வாங்காவிட்டாலும், அது வேலை என்று தெளிவாக இருந்தது. இதைத்தான் நான் சுருக்கும்போது தலைகீழாக்கியிருக்கிறேன். படிக்காமல் இல்லை. படித்தேன். எங்கள் வீட்டு வழக்கம் கண்ணில் நின்றதால் அந்த வரிக்கு அர்த்தம் வேறாகத் தெரிந்தது.

பிறகு அமெரிக்கர்களின் கட்டை எடுத்தேன். "வேலை இல்லை" என்ற பெண்களின் ஃபார்மை மட்டும் பிரித்துப் பார்த்தேன். கணவனின் லாரிக்குக் கணக்கெழுதுகிறாள் ஒருத்தி. பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வாரம் மூன்று நாள் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரர்கள் தரும் விறகையும் கறியையும் வாங்கிக்கொள்கிறாள் இன்னொருத்தி. கடைக்கு கேக் சுட்டுக் கொடுக்கிறாள் மூன்றாமவள். எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: சும்மாதான் இருக்கிறேன். காபூலிலிருந்து வந்தவளும், எங்கிருந்து வந்தோம் என்று மறந்துபோனவளும், முள்ளிப்பட்டில் டிவி பார்க்கிறவளும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து நான் இரண்டு போட்டிருக்கிறேன்.

இதில் பயங்கரம் என்னவென்றால், முதல் பாதி அட்டவணை அதற்குள் க்ளையன்டுக்குப் போய்விட்டது. ஆப்கான் பெண்கள் பெரும்பாலும் வேலை செய்வதில்லை என்று அதைப் பார்த்து அவர்கள் ஒரு திட்டம் தீட்டியிருப்பதாக முந்தின வாரம்தான் மெயில் வந்திருந்தது. தினமும் காலையில் பெண்களுக்கு வேலைப் பயிற்சி. வராத குடும்பத்துக்கு வாடகை உதவி நிற்கும். தலையணை உறை தைக்கிறவள் காலையில் பயிற்சிக்குப் போனால் தையல் நிற்கும், போகாவிட்டால் வாடகை நிற்கும். ஆரணியில் ஒருத்தி ஒரு நிமிடம் யோசிக்காமல் எழுதிய வரி கடல் தாண்டிப் போய் அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அனுப்புனது அனுப்புனதா இருக்கட்டும் மேடம். இனிமே வர்றத சரியா போட்டுக்கலாம். நம்மளே போயி தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா கான்ட்ராக்ட்ட வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. பன்னெண்டு பேரு வேலை மேடம் இது."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கான்ட்ராக்ட் போனால் கோபி உட்பட எல்லோரும் வீட்டில். எனக்கோ ரிட்டயர்மென்ட்டுக்கு நான்கு மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பூச்செண்டும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு கௌரவமாகப் போகலாம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சகாயம் பேசியது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு என்று தெரிந்த பிறகும் அதை மறைத்து அவளை வேலையை விட்டு அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு. என் சீட்டுக்கு வந்து க்ளையன்டுக்கு மெயில் எழுதினேன். ரூல் ஷீட்டை எழுதியது சூப்பர்வைசராகிய நான். ஆறாவது வரி தவறு. அனுப்பிய அட்டவணையை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். தவறைக் கண்டுபிடித்தவர் சகாயமேரி, டிரெய்னி. இவ்வளவுதான் மெயில். அனுப்பியும் விட்டேன்.

லெட்டரை டிராயரிலிருந்து எடுத்துச் சகாயத்தின் முன்னாலேயே கிழித்தேன். "நீ சொன்னது சரிம்மா. நான்தான் தப்பு. என்ன மன்னிச்சிடு" என்றேன். இந்த வார்த்தையை அந்த ஆபீஸில் அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரிங்க மேடம்" என்றாள். திரும்பி சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்தேன். இரண்டு வாரம் அவள் பெயரைச் சிவப்பு மையில் சுவரில் ஒட்டியிருந்தோம். தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வேலை செய்திருக்கிறாள். நான் ஒரு காகிதத்தைக் கிழித்தால் அது போய்விடுமா?

க்ளையன்டின் பதில் மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாள் மேனேஜர் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் வந்தது. காலைப் பயிற்சித் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், எல்லா ஃபார்மையும் திரும்பச் செய்யுங்கள், கடைசித் தேதி மாறாது. கான்ட்ராக்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார். கோபி, "ஜல்தி ஜல்தி" என்று எல்லோரையும் விரட்டினான்.

திரும்பச் செய்தோம். சந்தேகம் வந்தால் சகாயம் முடிவு செய்வாள் என்று சொல்லிவிட்டேன். அட்டவணை மாறியது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசங்கள் பல அப்படியேதான் இருந்தன. ஒருவருக்குச் சொந்த வீடு இருந்தது, உடம்பு இல்லை. இன்னொருவருக்குப் படிப்பு இருந்தது, அதை மதிக்க ஆள் இல்லை. ஆனால் உழைக்கிற பெண்கள், சும்மா இருக்கிற பெண்கள் என்று நான் கிழித்திருந்த கோடு மட்டும் காணாமல் போய்விட்டது. முதல் அட்டவணையில் பெரிதாகத் தெரிந்த அந்த வித்தியாசம் அவர்களுடையதே இல்லை. அமெரிக்கப் பெண்களின் பதிலை எழுதியவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருந்தார்கள், அதனால் அவர்களில் பலருக்கு ஒன்று விழுந்திருந்தது; ஆப்கான் பெண்களின் பதிலை "உதவி" என்ற ஒரு சொல்லோடு முடித்திருந்தார்கள். பாக்கியை என் ரூல் ஷீட் செய்தது.

வேலை முடிந்தது. ஆனால் சகாயம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. மற்றவர்கள் நிமிடத்துக்கொரு முறை "மேடம், மேடம்" என்பார்கள். அவள் தானாகவே பார்த்துக்கொள்வாள்.

எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இரண்டு வாரத்து ஸ்கோர் இன்னும் தப்பாகவே ரிஜிஸ்டரில் இருக்கிறது. சகாயம் போட்டது சரி என்றால் நாங்கள் எல்லோரும் போட்டது தப்பு. அவளுடைய எண்களை விடையாக வைத்து அனைவருக்கும் மறுபடி ஸ்கோர் போட்டேன். சகாயம் முதலில் வந்தாள். என் ஷீட்டை ஒழுங்காகப் பின்பற்றிய நல்ல பிள்ளைகள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். அவர்கள்மீது குற்றம் இல்லை என்று எழுதி அவர்களுக்குக் கறுப்பு மை. என் பெயரையும் சேர்த்து எனக்கும் ஸ்கோர் போட்டேன். முதல் வாரம் எண்பத்திரண்டு. இரண்டாம் வாரம் எண்பது. தொண்ணூறுக்குக் கீழே, இரண்டு முறை. சிவப்பு மையில் எழுதினேன்.

மேனேஜர் பதறிப்போனார். "சூப்பர்வைசர் பேரை எங்கியாவது லிஸ்ட்ல போடுவாங்களா மேடம்? ரூல்படி பாத்தா உங்களுக்கே லெட்டர் குடுக்கணும்."

"குடுங்க சார். டைப் அடிச்சது ஒண்ணு சிஸ்டத்துல இருக்குமே, பேரை மட்டும் மாத்துனா போதும்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஸ்டூலில் ஏறி லிஸ்டைச் சுவரில் ஒட்டினேன்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். கோபி சிவப்பு மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தான். சகாயம் கடைசியாக வந்தாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தாள். என் பெயரில் கொஞ்ச நேரம் நின்றாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நான் என் மேஜையில் இல்லாத தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"மேடம், இந்த ஃபார்ம்ல எனக்கு ஒரு டவுட்டு. இப்டி வந்து பாக்கறீங்களா?"

முட்டி வலியோடு எழுந்து போனேன்.